முகத்தைக் கடைசியில் பாருங்கள்: பண்டைய இத்தாலிய வெண்கலக் காசுகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

பூவா தலையா என்று நாம் காசு சுண்டுகிறோம். பண்டைய ரோமில் சிறுவர்கள் "தலையா, கப்பலா?" என்று கேட்டுச் சுண்டினார்கள். கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் எழுதிய மக்ரோபியஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் சொல்லும் காசில் ஒரு பக்கம் இரட்டை முகக் கடவுளான யானுஸ், மறுபக்கம் போர்க்கப்பலின் முன்பகுதி. அந்தக் காசு புழக்கத்திலிருந்து போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் விளையாட்டுச் சொல்லில் அது பிழைத்திருந்தது.

இத்தாலியில் காசு வெளியிட்டது ரோம் மட்டுமல்ல. கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கி.மு. 89 வரை பல பத்து நகரங்கள் தங்கள் பெயரில் வெண்கலக் காசு வெளியிட்டன. தெற்கே கிரேக்கக் குடியேற்றங்கள், நடுவே ஆஸ்கன் மொழி பேசிய மலைநாட்டு, கம்பானிய ஊர்கள், வடக்கே எத்ருஸ்கர்கள், இடையிடையே ரோம் நிறுவிய லத்தீன் குடியிருப்புகள். ஏறக்குறைய எல்லாருமே காசில் தெய்வத்தை வைத்தார்கள். புதிதாக வருபவர் தடுக்கி விழும் இடமும் அதுதான். முகத்தைப் பார்த்தவுடன் "தாடி இருக்கிறது, ஜூபிடர்" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அதே தாடியும் அதே இலைமாலையும் சனிக்கடவுளான சாத்தூர்னுஸுக்கும் உண்டு, கடற்கடவுளான நெப்தூனுஸுக்கும் உண்டு. ஊர் கிரேக்க ஊர் என்றால் அது ஜூபிடரே அல்ல, ஜீயஸ். எனவே இந்த வழிகாட்டியில் முகம் கடைசியில்தான் வரும். முதலில் எடை, பிறகு புள்ளி, எழுத்து, பின்புறம். அதன் பிறகே தெய்வத்தின் பெயர்.

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு. நம் மண்ணில் புதையல்களாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் முதலிய பேரரசர்களின் தங்கமும் வெள்ளியும். கரூர், மதுரை போன்ற இடங்களில் கிடைக்கும் பொடி வெண்கலக் காசுகள் இன்னும் பிந்தியவை, கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றில் அரசர் முகம் இருக்கும். இங்கே பேசப்போவது அரசரே இல்லாத காலத்துக் காசுகள். அங்கே கற்றதை இங்கே அப்படியே பொருத்தாதீர்கள்.

முதல் படி: வார்த்ததா, அடித்ததா?

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ், மின்னணுத் தராசு, வெர்னியர் அளவுகோல் ஆகிய மூன்றும் போதும். படத்தை மட்டும் வைத்துப் படிப்பவர் படத்துக்குக் கீழே எடையும் விட்டமும் கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். எடை இல்லாத படம் அழகுக்கு உதவும், அடையாளம் காண உதவாது.

காசுக்கு முன்பே இத்தாலியில் வெண்கலம் பணமாக இருந்தது. உருவமற்ற கட்டிகளை உடைத்து நிறுத்துக் கொடுத்தார்கள். பிறகு படம் பதித்த பாளங்கள் வந்தன, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரைக் கிலோ. அவற்றுள் ஒன்றில் ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பன்றி. யானைகளுடன் இத்தாலிக்குள் வந்த கிரேக்க மன்னன் பிர்ரஸுடன் நடந்த போரை நினைவுபடுத்தும் பாளம் என்று அதைக் கருதுகிறார்கள். பன்றியின் அலறல் கேட்டு யானைகள் மிரண்டதாக ஒரு பழங்கதை உண்டு.

அடுத்து வந்தவை வார்ப்புக் காசுகள். இரண்டு பக்க அச்சுக்குள் உருக்கிய வெண்கலத்தை ஊற்றி எடுத்தவை. கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். பின்புறம் கப்பல் கொண்ட ரோமின் காசுகளை இங்கே கப்பல் வரிசை என்போம். கி.மு. 225-ஐ ஒட்டித் தொடங்கிய அதன் முதல் வெளியீட்டில், ஆஸ் எனப்படும் அடிப்படைக் காசு ஏறக்குறைய 265 கிராம். விட்டம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல். சட்டைப் பையில் நாலைந்து போட்டால் பை கிழியும். விளிம்பைச் சுற்றி லென்ஸை ஓட்டுங்கள். இரண்டு அச்சும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு, உலோகம் உள்ளே போன வாய் இருந்த இடத்தில் ஒரு தழும்பு அல்லது வெட்டுத் தடம் இருக்கும். உருவங்கள் உப்பிப் புடைத்து, ஓரங்கள் மழுங்கலாக இருக்கும். பரப்பில் காற்றுக் குமிழிகளின் சிறு குழிகளும் தென்படும்.

அடித்த காசு வேறு சாதி. வெற்றுத் தகட்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தது. கோடுகள் கூர்மையாக இருக்கும். உருவம் பெரும்பாலும் நடுவில் உட்காராது, தலையின் உச்சியோ எழுத்தின் பாதியோ விளிம்புக்கு வெளியே போயிருக்கும். கிரேக்க ஊர்களின் வெண்கலம் பெரும்பாலும் இப்படித்தான். நெயாபொலிஸின், அதாவது இன்றைய நேப்பிள்ஸின், காசு ஐந்தாறு கிராம்தான் இருக்கும்.

காசு வார்ப்பு என்று முடிவானால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. ரோம், எத்ரூரியா, உம்பிரியா, ஏட்ரியாட்டிக் கரை, தென்கிழக்கே அபுலியாவின் சில ஊர்கள். இந்த வட்டத்துக்குள் நிற்கலாம்.

இரண்டாம் படி: புள்ளிகளை எண்ணுங்கள்

இந்தக் காசுகள் தங்கள் மதிப்பைத் தாங்களே சொல்கின்றன. ரோமானிய முறையில் ஓர் ஆஸ் என்பது 12 உன்சியா. ஆஸில் செங்குத்தாக ஒரு கோடு. பாதியான செமிஸில் வளைந்த எஸ் எழுத்து. அதைவிடக் குறைந்த மதிப்புகளுக்குப் புள்ளிகள்: திரியென்ஸுக்கு நான்கு, குவாத்ரான்ஸுக்கு மூன்று, செக்ஸ்தான்ஸுக்கு இரண்டு, உன்சியாவுக்கு ஒன்று.

கப்பல் வரிசையில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு தெய்வம் நிரந்தரம். ஆஸில் யானுஸ், செமிஸில் சாத்தூர்னுஸ், திரியென்ஸில் மினெர்வா, குவாத்ரான்ஸில் ஹெர்குலிஸ், செக்ஸ்தான்ஸில் மெர்குரி, உன்சியாவில் ரோம் நகரையே பெண்ணாக உருவகித்த ரோமா. எழுத்தறியாதவரும் முகத்தைப் பார்த்து மதிப்பைச் சொல்லலாம். நமக்கு இது திரும்பி வேலை செய்கிறது: முகம் தேய்ந்து போயிருந்தாலும் மூன்று புள்ளியும் கப்பலும் தெரிந்தால் அது ஹெர்குலிஸ். தாடி வைத்த இலைமாலைத் தலை ஜூபிடரா சாத்தூர்னுஸா என்ற குழப்பத்தை அந்த எஸ் எழுத்தே தீர்த்துவிடுகிறது.

இத்தாலியின் கிழக்குக் கரைப் பக்கம் போனால் கணக்கு மாறுகிறது. ஹாத்ரியா, அரிமினும், லூசெரியா, வெனூசியா போன்ற ஊர்கள் பெரிய காசைப் பன்னிரண்டாகப் பிரிக்கவில்லை, பத்தாகப் பிரித்தன. எனவே அங்கே பாதிக் காசுக்கு எஸ் கிடையாது, ஐந்து புள்ளி. ஐந்து புள்ளியைக் கண்டால் உடனே அந்தப் பக்கம் திரும்புங்கள். தெயாதெயில் மினெர்வாவும் ஆந்தையும், வெனூசியாவில் ஜூபிடரும் கழுகும், இரண்டிலும் ஐந்து புள்ளி. ரோமே அரிதாக ஐந்து புள்ளிக் காசு அடித்தபோதும் அதை அடித்தது அபுலியாவில் உள்ள லூசெரியாவில்தான். உள்ளூர்க் கணக்குக்கு ரோம் இறங்கி வந்திருக்கிறது.

புள்ளிகள் எங்கே இருக்கும் என்பதற்கு விதி இல்லை. தலைக்குப் பின்னால், கழுத்துக்குக் கீழே, கப்பலுக்கு அடியில், இரு பக்கத்திலும் என்று எங்கேயும் இருக்கலாம். வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள். தனியாகத் துருத்தி நிற்கும் ஒன்று குமிழியாகவோ அழுக்காகவோ இருக்கலாம்.

மூன்றாம் படி: எழுத்தைத் தேடுங்கள்

எழுத்துதான் ஊரைச் சொல்லும். ஒரே காசுருவத்தை ஐந்தாறு ஊர்கள் பகிர்ந்துகொண்ட நாட்டில் அதைவிட உறுதியான சாட்சி இல்லை.

நெயாபொலிஸையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது ஏராளமாக வெளியிட்ட வெண்கலக் காசில் முன்புறம் இலைமாலை சூடிய அப்பல்லோ. பின்புறம் மனித முகம் கொண்ட காளை, அதன் மேலே பறந்து வந்து முடி சூட்டும் வெற்றித் தேவதை. காளையின் முகத்தைப் பாருங்கள். தாடி வைத்த கிழவரின் முகம், பக்கவாட்டில் நடந்தபடி நம்மை நோக்கித் திரும்பியிருக்கும். அது ஆற்றுத் தெய்வம்; அகெலோஸ் என்பது பரவலான அடையாளம். இந்தக் காசு கம்பானியச் சந்தைகளில் செல்வாக்குப் பெற்றதும் அக்கம்பக்கத்து ஊர்கள் அதே உருவத்தைத் தாங்களும் அடித்தன. காலெஸ், சுவெஸ்ஸா, தெயானும், மலைப் பக்கத்து ஏசெர்னியா எல்லாம் அதே அப்பல்லோ, அதே காளை. அப்பல்லோவின் முகத்தை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் ஊர் தெரியாது. காளைக்குக் கீழே 'நியோபொலிதோன்' என்று கிரேக்கத்தில் இருந்தால் நெயாபொலிஸ். லத்தீனில் 'கலேனோ' என்றால் காலெஸ், 'சுவெஸானோ' என்றால் சுவெஸ்ஸா. ஆஸ்கன் எழுத்தில் இருந்தால் தெயானும் பக்கம். மினெர்வாவும் சேவலும் கொண்ட காசிலும் இதே கதை. காலெஸ், சுவெஸ்ஸா, தெயானும், அக்வினும், கயாதியா ஆகிய எல்லா ஊரிலும் அதே சேவல், தலைக்குப் பின்னால் அதே நட்சத்திரம்.

ரோமின் பெயர் தாங்கிய மிகப் பழைய வெண்கலக் காசும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அப்பல்லோ தலை, மனித முகக் காளையின் முன்பாதி, 'ரோமையோன்' என்ற கிரேக்க எழுத்து. கி.மு. 326-இல் ரோமும் நெயாபொலிஸும் உடன்படிக்கை செய்துகொண்டதற்குப் பிறகு அடிக்கப்பட்டது. எழுத்தைப் படிக்காமல் விட்டவர் இதை நேப்பிள்ஸ் காசுக் குவியலில் போட்டுவிடுவார்.

நடைமுறைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். கிரேக்க ஊர்ப்பெயர் பெரும்பாலும் 'ஓன்' என்று முடியும். இன்ன ஊராருடையது என்று பொருள். லத்தீன் பெயர் இந்த வட்டாரத்தில் 'னோ' என்று முடிவது அதிகம். எத்ருஸ்கன், ஆஸ்கன் எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். படத்தைக் கைப்பேசியில் இடவலமாகப் புரட்டிப் பார்த்தால் பாதி எழுத்துகள் பழக்கமானவையாகத் தெரியத் தொடங்கும். வோல்தெர்ராவின் வார்ப்புக் காசில் வட்டமாக ஓடும் 'வெலாத்ரி' என்பதை இப்படித்தான் முதலில் பிடிக்க முடியும். மூன்று எழுத்து கிடைத்தாலும் தாளில் வரைந்து வையுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள், இருக்கும் எழுத்தை மட்டும் வரையுங்கள்.

அபூர்வமாகத் தெய்வமே பெயர் சொல்லிக்கொள்ளும். கி.மு. 263-இல் லத்தீன் குடியிருப்பாக நிறுவப்பட்ட ஏசெர்னியாவில் ஒரு காசு: கூம்புத் தொப்பி வைத்த தலை, பின்னால் ஒரு குறடு, பக்கத்திலேயே 'வோல்கானொம்' என்ற எழுத்து. கொல்லர்களின் கடவுளான வல்கன். பின்புறம் இரட்டைக் குதிரைத் தேரில் ஜூபிடர். இப்படி எல்லா ஊரும் எழுதி வைத்திருந்தால் நாணயவியலார் பலருக்கு வேலை இருந்திருக்காது.

நான்காம் படி: பின்புறத்தைப் படியுங்கள்

வேலைக் கண்டால் முருகன், சங்கு சக்கரத்தைக் கண்டால் பெருமாள் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தக் காசுகளும் அந்த வழக்கத்தில்தான் இயங்குகின்றன; முன்புறம் தலையையும் பின்புறம் அதற்குரிய அடையாளத்தையும் பிரித்து வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். தேர்ந்த கண் இதனால் முகத்துக்கு முன்பே பின்புறத்தைப் பார்க்கும்.

பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது இத்தாலியின் கால்விரல் பகுதியில் உள்ள விபோ வாலென்தியா. கி.மு. 192-இல் நிறுவப்பட்ட லத்தீன் குடியிருப்பு. பாடநூல் போல ஒரு வரிசையை அது வெளியிட்டது: ஜூபிடருக்குப் பின்புறம் இடி, ஜூனோவுக்குப் பின்புறம் இரட்டை வளக்கொம்பு, மினெர்வாவுக்கு ஆந்தை, ஹெர்குலிஸுக்கு இரண்டு கதைகள், அப்பல்லோவுக்கு யாழ். கூடவே மதிப்புக்குறி, கூடவே 'வாலென்தியா' என்ற ஊர்ப்பெயர். ஐந்து தெய்வம், ஐந்து அடையாளம். இந்த ஒரு வரிசையை மனத்தில் பதித்துக்கொண்டால் தென்னித்தாலியக் காசுகளில் பெரும்பகுதியை வாசிக்கலாம்.

மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பு சுற்றிய தூதுக்கோல் மெர்குரிக்கு, திரிசூலமும் டால்ஃபினும் கடற்கடவுளுக்கு, தானியக் கதிர் விளைச்சல் தெய்வமான செரெஸுக்கு, அவளுடைய கிரேக்க வடிவமான தெமெத்தருக்கும் அதுவே. முக்காலி அப்பல்லோவுக்கு, ரேகியும் ஊரில், இன்றைய ரெஜ்ஜோ கலாப்ரியாவில், அப்பல்லோ தலையும் முக்காலியும் சேர்ந்தே வரும்.

பிருந்திசியும் துறைமுகத்தின் காசு ஒன்றில் இரண்டு பக்கமும் கடல் மணம். முன்புறம் தாடியோடு நெப்தூனுஸ், தோளுக்குப் பின்னால் திரிசூலம். அந்தப் பெரிய தலைக்குப் பின்னே கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு வெற்றித் தேவதை எம்பி நின்று மாலை சூட்டுகிறாள். தேய்ந்த காசில் அவளை ஒரு கீறல் என்றே நினைப்போம். பின்புறம் டால்ஃபின் மேல் சவாரி செய்யும் இளைஞன், கையில் யாழ். அந்தச் சவாரி பக்கத்து ஊரான தாரென்தும் தன் வெள்ளிக் காசில் புகழாக்கிய உருவம். பிருந்திசியும் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டது.

எல்லாப் பின்புறமும் தெய்வத்தோடு ஒட்டி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரோமின் கப்பலுக்கும் மினெர்வாவுக்கும் நேர் உறவு இல்லை. ரோமக் கவி ஓவிட் யானுஸிடமே காரணம் கேட்பதாக எழுதி, சாத்தூர்னுஸ் கப்பலில் இத்தாலிக்கு வந்ததன் நினைவு என்று கடவுளின் வாயால் பதில் சொல்ல வைத்தார். வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜுக்கு எதிரான முதல் போரில், கி.மு. 264 முதல் 241 வரை, ரோம் கடலில் வென்றதுதான் காரணம் என்று சொல்வது எனக்கு இன்னும் இயல்பாகப் படுகிறது. ஹாத்ரியாவின் பெரிய வார்ப்புக் காசோ இன்னும் விசித்திரம். 350 கிராமையும் தாண்டும் அந்தக் காசில் முன்புறம் நேராக முறைக்கும் சிலேனுஸ், மதுக்கடவுளின் தோழர். பின்புறம் சுருண்டு தூங்கும் நாய். அதே ஊரின் சிறு காசுகளில் சேவல், செருப்பு, நங்கூரம், திருக்கை மீன். எந்தப் புராணத்துக்குள்ளும் இவற்றை வலிந்து நுழைக்க வேண்டாம். அந்த நாய் தூங்கட்டும்.

ஐந்தாம் படி: இனி முகத்தைப் பாருங்கள்

முகத்தில் முதலில் பார்க்க வேண்டியது தலையில் என்ன இருக்கிறது என்பது. சிங்கத்தோல் என்றால் ஹெர்குலிஸ்; சிங்கத்தின் மேல்தாடை நெற்றிக்கு மேலேயும் கால்கள் தொண்டையில் முடிச்சாகவும் இருக்கும். சிறகு முளைத்த அகலத் தொப்பி என்றால் மெர்குரி. தானியக் கதிர் செருகிய கூந்தல் என்றால் செரெஸ் அல்லது தெமெத்தர். பெண் தலையில் பட்டமும் பின்னால் செங்கோலும் என்றால் ஜூனோவை நினையுங்கள்.

தலைக்கவசம்தான் தொல்லை. மினெர்வா, ரோமா, போர்க்கடவுளான மார்ஸ் மூவரும் கவசம் அணிகிறார்கள். தாடி இருந்தால் மார்ஸ், சந்தேகமில்லை. தாடி இல்லை என்றால் கவசத்தின் அமைப்பைப் பாருங்கள். ரோமின் அடித்த காசுகளில் மினெர்வா அணிவது கொரிந்தியக் கவசம். முகமூடி போன்ற முன்பகுதியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டது போல இருக்கும், கண்துளைகூடத் தெரியும். ரோமா அணிவது முகத்தை மறைக்காத ஆட்டிக் (ஏதென்ஸ் பாணி) கவசம். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

கூம்புத் தொப்பி இன்னொரு பொறி. வல்கனும் அணிகிறார், இரட்டைத் தேவர்களான தியோஸ்குரியும் அணிகிறார்கள். மேலே நட்சத்திரம் மின்னினால் இரட்டையர். குறடோ சுத்தியலோ இருந்தால் வல்கன்.

இங்கேதான் பொபுலோனியாவுக்கு வர வேண்டும். எல்பா தீவின் இரும்புக் கனிமத்தை உருக்கிய எத்ருஸ்கக் கடற்கரை நகரம். கி.மு. 205-இல் ரோமத் தளபதி ஸ்கிப்பியோவின் ஆப்பிரிக்கப் படையெடுப்புக்கு எத்ருஸ்க நகரங்கள் பொருள் கொடுத்தபோது பொபுலோனியா கொடுத்தது இரும்பு. அதன் வெண்கலக் காசில் கூம்புத் தொப்பி அணிந்த கொல்லர் கடவுள்; பின்புறம் சுத்தியலும் குறடும். பட்டியல்களில் "வல்கன்" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஊரார் அவரை அப்படி அழைக்கவில்லை. எத்ருஸ்கன் மொழியில் அவர் செத்லான்ஸ். அதே ஊரின் மற்றக் காசுகளில் வரும் ஆந்தைக்காரி மெனெர்வா, தூதுக்கோல்காரர் துர்ம்ஸ், கதை ஏந்தியவர் ஹெர்க்ளே. ஊரும் எழுத்தும் தெரிந்த பிறகே தெய்வத்துக்குப் பெயர் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கிரேக்க ஊர் என்றால் கிரேக்கப் பெயர், லத்தீன் ஊர் என்றால் லத்தீன் பெயர், எத்ருஸ்க ஊர் என்றால் எத்ருஸ்கப் பெயர். எல்லாரையும் ரோமானியர் ஆக்குவது சோம்பேறித்தனம்.

வோல்தெர்ராவின் இரட்டை முகத்தையும் இப்படியே கையாளுங்கள். தாடியற்ற இரண்டு இளமுகங்கள், மேலே இருவருக்கும் பொதுவாக ஒரு கூரிய தொப்பி. யானுஸ் என்று எழுத விரல் துடிக்கும். எத்ருஸ்கருக்கு குல்சான்ஸ் என்ற இரட்டை முகக் கடவுள் உண்டு. கொர்தோனாவில் கிடைத்த சிறு வெண்கலச் சிலையில் அவர் தாடியற்ற இளைஞர். காசில் இருப்பவரும் அவரே என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். ரோமின் கப்பல் வரிசை யானுஸ் தாடி வைத்தவர். ஆனால் ரோமின் அதற்கு முந்தைய வார்ப்பு வரிசை ஒன்றில் தாடியற்ற இரட்டை முகமும் வருகிறது. எனவே தாடியை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. பின்புறத்தில் 'வெலாத்ரி' இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: காலத்தைக் கணியுங்கள்

ரோமானியக் காசுக்குத் தராசே நாட்காட்டி. யானைகளோடு இத்தாலிக்குள் புகுந்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடன் நடந்த போர் கஜானாவைக் காலி செய்தபோது காசின் எடையும் இளைத்தது. கி.மு. 217 வாக்கில் ஆஸ் சுமார் 132 கிராமுக்கு இறங்கியது. கி.மு. 211 வாக்கில், தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு அறிமுகமானபோது, இரண்டு உன்சியா அளவான சுமார் 54 கிராம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ஓர் உன்சியா, சுமார் 27 கிராம். கி.மு. 91-90-இல் அதிலும் பாதி. யானுஸும் கப்பலும் மாறவே இல்லை. 265 கிராமில் இருந்தவர் 13 கிராமில் வந்து நிற்கிறார். கூட்டியோ குறைத்தோ சில கிராம் வேறுபாடு சாதாரணம். ஒற்றைக் காசின் எடையை வைத்து ஆண்டைக் குறிக்க வேண்டாம், காலக்கட்டத்தைக் குறியுங்கள்.

மற்ற ஊர்களுக்கு அரசியல் உதவுகிறது. மிகத் தெளிவான எடுத்துக்காட்டு கபுவா. கி.மு. 216-இல் ரோமை விட்டு ஹன்னிபால் பக்கம் சாய்ந்தது. 211-இல் ரோம் அதை மீட்டு, நகராட்சியையே ஒழித்துவிட்டது. 'கபு' என்ற ஆஸ்கன் எழுத்தோடு வரும் அதன் வெண்கலக் காசுகள் பெரும்பாலும் இந்த ஐந்தாண்டுக் கிளர்ச்சியின் எச்சம். ஜூபிடரும் கழுகும், தேரில் தியானா, செங்கோலோடு ஜூனோ, அவளுக்குப் பின்புறம் முக்காடிட்டு நிற்கும் இரண்டு பழங்கால வழிபாட்டுச் சிலைகள். மறுபடி ஒரு யானை. இந்த முறை யாருடைய யானை என்று சொல்லத் தேவையில்லை.

அந்தக் கிளர்ச்சிக் காசுகளில் நான் விட்டுப் போக முடியாத ஒன்று உண்டு. கபுவாவும் பக்கத்து அதெல்லாவும் அடித்தது: முன்புறம் ஜூபிடர், பின்புறம் இரண்டு வீரர்கள் வாளை நீட்டி, நடுவில் ஒரு பன்றியின் மேல் சத்தியம் செய்கிறார்கள். இதே சத்தியக் காட்சியைச் சில ஆண்டுகளுக்கு முன்பு ரோம் தன் தங்கக் காசில் வைத்திருந்தது, கூட்டாளிகளின் விசுவாசத்தைச் சொல்வதற்காக. கூட்டாளிகள் விலகிப் போனபோது காட்சியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கி.மு. 91-இல் இத்தாலியக் கூட்டாளிகள் ரோமுக்கு எதிராக மீண்டும் எழுந்தபோது, தங்கள் வெள்ளிக் காசில் அதையே மறுபடி அடித்தார்கள்.

அந்தப் போரின் முடிவில் இத்தாலியர்களுக்கு ரோமானியக் குடியுரிமை கிடைத்தது. ஊர்க்காசுகளின் காலம் முடிந்தது. விதிவிலக்கு பெஸ்தும். முன்பு பொசெய்தோனியா என்ற கிரேக்க நகரம், கி.மு. 273 முதல் லத்தீன் குடியிருப்பு. அதன் பொடி வெண்கலக் காசுகள் பேரரசர் திபேரியஸ் காலம் வரை வந்துகொண்டிருந்தன.

பழகும் இடமும், தொடும் முறையும்

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பிலும் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இணையத் தரவுத்தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். எடை, விட்டம், படம் எல்லாம் இருக்கும். ரோம் காசுகளுக்கு 1974-இல் மைக்கேல் கிராஃபோர்ட் கொடுத்த எண்களையே உலகம் பின்பற்றுகிறது, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் எங்கும் தேடலாம். நேரில் போக வாய்ப்பிருந்தால் ரோமின் பலாத்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்தின் அடித்தளத்துக்குப் போங்கள். வார்ப்புக் காசின் பருமனைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்கூட வேறு மாதிரி புரியும். விளக்க அட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு, மேலே சொன்ன வரிசையில் நீங்களே முடிவுக்கு வந்துவிட்டுப் பிறகு அட்டையைப் படியுங்கள்.

கையில் காசு கிடைத்தால் விளிம்பைப் பிடியுங்கள், கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ளுங்கள். வெண்கலப் பாத்திரத்தில் களிம்பைக் கண்டால் புளி எடுக்கும் வழக்கம் நம் கையில் ஊறியது. இங்கே அதை மறந்துவிட வேண்டும். புளி, எலுமிச்சை, பற்பசை, எதுவும் கூடாது. அந்தப் பச்சையும் பழுப்புமான மேல்தோலில்தான் முகத்தின் நுண்கோடுகள் இருக்கின்றன. அதைத் தேய்த்தெடுத்தால் தெய்வமும் கூடவே போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வெளிர்பச்சைப் பொடி உதிரத் தொடங்கினால் அது குளோரைடு அரிப்பு, வெண்கல நோய் என்பார்கள். அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிகா ஜெல் போட்ட ஈரமில்லாத டப்பாவில் வைத்துப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள்.

வாங்க நினைப்பவருக்கு: இத்தாலியில் மண்ணிலிருந்து எடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். இத்தாலியோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அமெரிக்கா 2011 முதல் சில வகைப் பண்டைய இத்தாலியக் காசுகளின் இறக்குமதியையும் கட்டுப்படுத்துகிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களுக்குப் பொருந்தும். இங்கிருக்கும் காசை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. இதற்கு முன் யாரிடம் இருந்தது, எப்போது, எந்த ஏலத்தில் வந்தது, அதற்குத் தாள் எங்கே என்பதுதான். "பழைய ஐரோப்பியத் தொகுப்பு" என்ற ஒற்றை வரியைப் பதிலாக ஏற்காதீர்கள். வார்ப்புக் காசில் போலிப் பயமும் கூடுதல்: அடித்த காசின் போலியை வார்ப்புத் தடமே காட்டிக்கொடுக்கும், இங்கேயோ அசலும் வார்ப்பு, போலியும் வார்ப்பு. தொடக்கத்தில் அந்தப் பெரிய வட்டுகளை அருங்காட்சியகத்திலேயே பார்த்துக்கொண்டு, வாங்குவதானால் ஆவணமுள்ள சிறிய நெயாபொலிஸ் காளையிலிருந்து தொடங்குங்கள். அது ஏராளமாக அடிக்கப்பட்ட காசு. ஒப்பிட்டுப் பார்க்கவும் படங்கள் நிறையக் கிடைக்கும்.